பயிற்சியும் தத்துவமும்: வார இறுதி யோகப் பயிலரங்குகள் பற்றி ஒரு திறனாய்வு

மேலை நாட்டு நகரங்களில் வார இறுதியில் நடைபெறும் யோகப் பயிலரங்குகளின் அறிவிப்புகளில் ஒரு கருத்து தவறாது இடம்பெறுகிறது. யோகத்தின் பயிற்சியையும் தத்துவத்தையும் ஒருங்கே ஆராய வாருங்கள் என்பதே அது. வெள்ளி மாலை அறிமுகக் கூட்டம், சனி காலை ஆசனங்கள், பிற்பகல் மூச்சுப் பயிற்சி, இரவு உணவுக்கு முன் பதஞ்சலியின் யோக சூத்திரத்தைப் பற்றி ஓர் உரை, ஞாயிறு காலை தியானம், நண்பகல் உணவோடு விடைபெறுதல் என நிகழ்ச்சிநிரல் பெரும்பாலும் அமைகிறது. கூடும் இடம் ஊர்ப் பொதுமண்டபமாயிருக்கும். சில ஊர்களில் அது திருச்சபையின் மண்டபமாகவும் இருக்கும்.

இப்பயிலரங்குகளை எள்ளி நகையாடுவது எளிது. ஆயினும் அது நேர்மையன்று. இவற்றுள் பல இலாபம் கருதாது அண்டை அயலார் கூடி நடத்துபவை. முதியோரும், உடல் வளையாதோரும், இதற்குமுன் தரையில் உட்கார்ந்தே அறியாதோரும் அங்கே வரவேற்கப்படுகின்றனர். இரண்டு நாள் பேச்சடங்கி இருக்கவும், தம் மூச்சைக் கவனிக்கவும், அந்நியரோடு ஒரே பந்தியில் உண்ணவும் அவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. இவற்றை நாடி வருவோருள் ஞானஸ்நானம் பெற்றவர்களும் கணிசமாக உள்ளனர் என்பதை அந்நாடுகளில் பணிபுரியும் ஆயர்கள் அறிவர். இலண்டனிலும் டொராண்டோவிலும் தமிழ்ச் சபைகளை மேய்ப்போர்க்கும் இவ்வினா வருகிறது. இந்நாட்டில் பணிபுரிவோர்க்கும் வருகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2014 டிசம்பரில் ஜூன் 21-ஆம் நாளைப் பன்னாட்டு யோக நாளாக அறிவித்தது. 2015-இல் வந்த முதலாவது யோக நாள் ஓர் ஞாயிற்றுக்கிழமை. அதன் பின்னர் இது குறித்துக் கருத்தே இல்லாதிருப்பது இந்திய ஆயர் எவர்க்கும் இயலாததாயிற்று.

‘ஐயா, நான் போகலாமா?’ என்று சபையார் கேட்கும்போது நாம் கூறும் மறுமொழி என்ன? வழக்கத்தில் இரண்டு மறுமொழிகள் உள. இரண்டும் உண்மைக்குப் பொருந்தாதவை என்பதும், அப்பயிலரங்கின் தத்துவ உரையை நாம் செவிகொடுத்துக் கேளாததே அதற்குக் காரணம் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

இரண்டு மறுமொழிகள்

முதலாவது மறுமொழி, ‘அது பிற சமய வழிபாடு, விலகி நில்’ என்பது. இங்கிலாந்தின் டான்டன் நகரில் 2007-இல் பாப்டிஸ்டு ஆலயம் ஒன்றும் ஆங்கிலிக்கன் ஆலயம் ஒன்றும் சிறுவர்க்கான யோக வகுப்பு ஒன்றுக்குத் தம் மண்டபங்களைத் தர மறுத்தன. அமெரிக்கத் தென் பாப்டிஸ்டு இறையியல் கல்லூரியின் தலைவர் ஆல்பர்ட் மோலர் 2010-இல், கிறிஸ்தவர் யோகம் பயிலுதல் தகாது என்று எழுதினார். கிரேக்கத் திருச்சபையின் ஆயர் மன்றம் 2020-இல், யோகம் கிறிஸ்தவ விசுவாசத்தோடு ஒருசிறிதும் ஒவ்வாதது என அறிவித்தது. இவ்வாறு கூறுவோர் யோகத்துக்குச் சமய வேர் உண்டு என்பதை மறைப்பதில்லை; அந்த அளவில் அவர்கள் பக்கம் உண்மை உண்டு. அமெரிக்க இந்து அறக்கட்டளையும் அதே ஆண்டுகளில், யோகம் இந்து மரபுக்கு உரியது என்பதை மறக்கலாகாது என இயக்கம் நடத்தியது. மோலரும் அவ்வறக்கட்டளையினரும் இதில் ஒத்த கருத்தினராயினர்! ஆனால் இம்மறுமொழி பெரும்பாலும் வடமொழிப் பெயர்களையும் உடல் நிலைகளையும் கண்டு அஞ்சுவதோடு நின்றுவிடுகிறது. முதுகை வளைப்பதில் என்ன தீங்கு என்று கேட்டால், கண்ணுக்குத் தெரியாத ஆவிகளைப் பற்றிய பேச்சுத் தொடங்கிவிடுகிறது. அந்நூல் மீட்பைப் பற்றி என்ன கூறுகிறது என்று எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

இரண்டாவது மறுமொழி, ‘அது வெறும் உடற்பயிற்சி, கவலை வேண்டா’ என்பது. இது பெருந்தன்மையுடையதுபோல் தோன்றும். இதன் விலை என்ன என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்குக் காட்டுகிறது. கலிபோர்னியா மாநிலத்தின் என்சினிடாஸ் நகரப் பள்ளிகளில் யோகம் கற்பிக்க ஜோயிஸ் அறக்கட்டளை ஐந்து இலட்சம் டாலருக்கு மேல் நன்கொடை அளித்தது. அரசுப் பள்ளியில் சமயம் கற்பிக்கப்படுகிறது என்று பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2013-இல் தீர்ப்பளித்த நீதிபதி, யோகத்துக்குச் சமய வேர் உண்டு என்பதை ஒப்புக்கொண்டார்; எனினும் அப்பள்ளிகளில் நடைபெறுவது சமயமன்று என முடிவு செய்தார். மேல்முறையீட்டு மன்றம் 2015-இல் அதனை உறுதி செய்தது. அத்தீர்ப்புக்கு இடமளித்தது எது? வடமொழிப் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. பத்மாசனத்துக்குக் குழந்தைகள் விளையாட்டில் வழங்கும் பெயர் ஒன்று சூட்டப்பட்டிருந்தது. அலபாமா மாநிலம் இன்னும் வெளிப்படையாக நடந்துகொண்டது. 1993 முதல் பள்ளிகளில் யோகத்தைத் தடை செய்திருந்த அம்மாநிலம் 2021-இல் தடையைத் தளர்த்தியபோது, ஆசனங்களுக்கு ஆங்கிலப் பெயரே வழங்க வேண்டும், ‘நமஸ்தே’ என்று சொல்லலாகாது, மந்திரம் ஓதலாகாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தது.

இவ்வேற்பாட்டில் வென்றவர் யார்? யோக ஆசிரியர் தம் மரபின் பெயரை மறைத்து உள்ளே நுழைந்தார். கிறிஸ்தவப் பெற்றோர் அம்மறைப்பினால் மன அமைதி பெற்றனர். அயலாரின் சமயத்தை, அது தன் பெயரைச் சொல்லாதிருக்கும்வரை ஏற்றுக்கொள்வோம் என்பது விருந்தோம்பலாகாது. நம் திருவிருந்தை எவரேனும் எடுத்து, ‘இதில் கிறிஸ்துவின் பெயரை நீக்கிவிட்டோம், இனி இது ஓர் எளிய சிற்றுண்டியே’ என்று பள்ளியில் பரிமாறினால் நமக்கு எப்படியிருக்கும்?

வார இறுதிப் பயிலரங்கு இவ்வகையில் பள்ளி வகுப்பைவிட நேர்மையானது. அது தத்துவத்தை மறைப்பதில்லை, அறிவிப்பிலேயே அச்சிடுகிறது. ஆகவே, ‘வெறும் உடற்பயிற்சி’ என்னும் மறுமொழிக்கு அங்கே இடமே இல்லை. அவர்கள் தத்துவம் என்று எதைச் சொல்கிறார்கள் என்று கேட்பதே நமக்கு எஞ்சியுள்ள கடமை.

சனி மாலை உரை

தத்துவ உரை பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்குகிறது. யோகம் என்பது இணைத்தல் எனப் பொருள்படும் ‘யுஜ்’ என்னும் வேரிலிருந்து பிறந்தது. ஆகவே உடலும் மனமும் ஆன்மாவும் இணைவதே யோகம் என்பர். தனியுயிர் பேருயிரோடு ஒன்றாவதே யோகம் என்றும் கூறுவர். பின்னர் எட்டு உறுப்புகள் பட்டியலிடப்படும். கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பொருள் வெஃகாமை ஆகிய இயமங்கள் ஐந்தும் சற்று விரிவாக விளக்கப்படும். இவை எல்லாரும் ஏற்கத்தக்க நல்லொழுக்கங்கள்; கேட்போர் தலையசைப்பர். நேரம் முடிந்துவிடும்.

பதஞ்சலியின் நூல் நான்கு பாதங்களாக அமைந்த ஏறத்தாழ 195 சூத்திரங்களைக் கொண்டது. இயம நியமங்கள் வருவது இரண்டாம் பாதத்தில். ஆசனத்தைப் பற்றி அந்நூல் நேரடியாகப் பேசுவது மூன்றே சூத்திரங்களில். அவையும் உறுதியாகவும் இன்பமாகவும் அமர்ந்திருப்பதைப் பற்றியவை. மூன்றாம் பாதம் யோகி பெறும் வியத்தகு ஆற்றல்களைக் கூறுகிறது. நான்காம் பாதத்தின் பெயரே கைவல்யம். நூலின் முடிவும் நோக்கமும் அங்கேயே உள்ளன. வார இறுதி உரைகள் அதுவரை செல்வது அரிது.

கைவல்யம் என்றால் தனிமை. பதஞ்சலி சாங்கியக் கொள்கையைத் தழுவி எழுதுகிறார். அறிவு மாத்திரமாகிய புருடன் ஒருபுறம். உடல், புலன், மனம், புத்தி என விரியும் பிரகிருதி மறுபுறம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் மயக்கமே துன்பத்துக்குக் காரணம். அம்மயக்கம் நீங்கி, புருடன் பிரகிருதியினின்று முற்றும் பிரிந்து தன் நிலையில் தனித்து நிற்பதே விடுதலை. புருடர் பலர், ஒவ்வொருவரும் தனித்தனியே விடுதலை பெறுவர், பெற்றபின் ஒருவர்க்கு மற்றவரோடு உறவில்லை. வியாசருடையது எனப்படும் பழைய உரை, யோகம் என்றால் சமாதி எனத் தொடக்கத்திலேயே வரையறுத்துவிடுகிறது. 11-ஆம் நூற்றாண்டில் உரை வகுத்த போஜ மன்னரோ, புருடனும் பிரகிருதியும் பிரிதலையே இங்கு யோகம் என்பர் என்ற கருத்தைத் தம் உரையின் முகப்பிலேயே வைக்கிறார். இணைதலைப் பற்றிய நூல் என்று மேடையில் அறிமுகம் செய்யப்படுவது, அதன் பழைய உரையாசிரியர் ஒருவர் பிரிதலைப் பற்றியது என்று அறிந்திருந்த நூல்!

உடலைப் பற்றிய பகுதியில் முரண் இன்னும் கூர்மையடைகிறது. காலை வகுப்பில் ஆசிரியர், ‘உங்கள் உடலை நேசியுங்கள், அது சொல்வதைக் கேளுங்கள்’ என்கிறார். மாலையில் எடுத்துக்கொள்ளப்படும் நூலோ, தூய்மை என்னும் நியமத்தின் பயனாகத் தன் உடம்பின்மீதே அருவருப்பும் பிறர் உடம்போடு சேராமையும் உண்டாகும் எனக் கருதுகிறது. இது நூலின் ஒரு மூலையில் கிடக்கும் கருத்தன்று. உடம்பு புருடனுக்கு உரியதன்று என்னும் அடிப்படையிலிருந்து நேராகப் பிறப்பது. காலைப் பயிற்சியும் மாலைத் தத்துவமும் இவ்வாறு எதிரெதிர்த் திசைகளில் செல்கின்றன. ‘பயிற்சியும் தத்துவமும்’ என்னும் தொடரில் உள்ள ‘உம்’ இவ்விரண்டையும் ஒட்டவைக்கப் போதுமானதன்று.

இவ்விரண்டும் எங்ஙனம் ஒன்றுசேர்ந்தன? இரு வேறு ஆறுகள் அண்மைக் காலத்தில் கலந்தமையால் என்க. யோக சூத்திரத்தை ஐரோப்பியர் கவனத்துக்குக் கொண்டுவந்தது கோல்புரூக் 1823-இல் படித்த ஆய்வுரை. அதனை உலகறியச் செய்தது 1896-இல் வெளிவந்த விவேகானந்தரின் ‘இராஜ யோகம்’. அந்நூலில் விவேகானந்தர் உடல் நிலைகளையே பெரிதாகக் கொள்ளும் அடயோகத்தை ஒதுக்கிவிட்டார் என்பது கவனிக்கத்தக்கது. இன்று நாம் காணும் ஆசனப் பயிற்சி வேறு வழியில் வந்தது. மைசூர் அரண்மனையில் 1930-களில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலையும், அங்கே பயின்ற பட்டாபி ஜோயிஸ், பி. கே. எஸ். ஐயங்கார் ஆகியோரும் அதன் ஊற்று. ஏறத்தாழ 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘அடயோகப் பிரதீபிகை’ விளக்கும் ஆசனங்கள் 15 மட்டுமே. 1966-இல் வெளிவந்த ஐயங்காரின் ஆங்கில நூலிலோ ஏறத்தாழ 200 ஆசனங்கள் ஒளிப்படங்களோடு இடம்பெற்றன. இவர்களைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. பத்தமடையில் பிறந்து, திருச்சி எஸ்.பி.ஜி. கல்லூரியில் பயின்று, மலாயாவில் மருத்துவராயிருந்து, ரிஷிகேசத்தில் 1936-இல் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவிய சிவானந்தர், தம் சீடர் விஷ்ணுதேவானந்தரை 1957-இல் மேலை நாட்டுக்கு அனுப்பினார். மிஷனெரிக் கல்லூரியில் பயின்ற ஒருவரின் வழியாகவும் யோகம் மேற்கே சென்றது என்பதை நம்மவர் அறிதல் நன்று.

இதைவிட நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. மார்க் சிங்கிள்டன் 2010-இல் வெளியிட்ட ஆய்வு நூலில், இன்றைய ஆசனப் பயிற்சி உருவானதில் ஐரோப்பிய உடற்பயிற்சி முறைகளுக்கும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் உடற்கல்விக்கும் பங்குண்டு என வாதிடுகிறார். ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் தொடங்கிய வாலிபர் சங்க உடற்கல்விக் கல்லூரியை நாம் அறிவோம். உடல், மனம், ஆவி என்னும் மூன்றையும் முக்கோணமாக வரைந்து சங்கத்துக்குச் சின்னமாக்கியது 1890-களின் புராட்டஸ்டண்டுப் பக்தியே. சிங்கிள்டனின் முடிவுகளை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை. அவர் பழைய அடயோக மரபின் செழுமையைக் குறைத்து மதிப்பிடுகிறார் என்போரும் உளர். எனினும், உடலும் மனமும் ஆன்மாவும் இணைதல் என்று பயிலரங்கில் கேட்கும்போது, அது பதஞ்சலியின் குரலைவிட வாலிபர் சங்கத்தின் குரலையே பெரிதும் ஒத்திருக்கிறது. டான்டன் நகர ஆலயங்கள் மறுத்ததில் ஒரு பங்கு அவர்கள் முன்னோர் ஏற்றுமதி செய்த சரக்காகவும் இருக்கலாம்.

நமக்கு முன்னே மறுத்தவர்கள்

கைவல்யம் மனித வாழ்வின் முடிவாக இருத்தல் கூடுமா என்னும் வினாவைக் கிறிஸ்தவர் மட்டும் எழுப்பவில்லை. பயிலரங்குகள் ‘இந்தியாவின் தொன்மையான யோகத் தத்துவம்’ என்று ஒருமையில் பேசுவதால் இது மறைந்துபோகிறது. இராமானுசர் வழிவந்த வைணவ ஆசாரியர் கைவல்யத்தை அறிந்திருந்தனர். தன் ஆன்மாவையே தான் நுகர்ந்து நிற்கும் அந்நிலை, இறைவனை அடைந்து அவருக்குத் தொண்டு செய்யும் பேற்றினும் தாழ்ந்தது என்று அதனைக் கீழே வைத்தனர். தமிழ்ச் சைவமும் அவ்வாறே. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்பு யோகத்தை விரிவாகப் பாடினார். ஆனால் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நால்வகை நெறியில் யோகம் மூன்றாம் படி. அதன் பயன் சாரூபம். சிவனோடு கலக்கும் சாயுச்சியம் ஞானத்துக்கே உரியது. மேலும் அங்கே பயிற்சி தன் ஆற்றலால் மட்டும் பயன் தருவதன்று, அருள் வேண்டும்.

மைசூர் ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரே உறுதியான ஸ்ரீவைணவர். இறைவனிடம் தன்னை ஒப்புவித்தல் என்னும் நியமத்தை அவர் சரணாகதியாகவே கொண்டார். பதஞ்சலி கூறும் ஈசுவரன் உலகைப் படைத்தவரல்லர். வினையும் துன்பமும் தீண்டாத தனிச் சிறப்புடைய ஒரு புருடர் மட்டுமே. அந்த ஈசுவரனிடத்தில் கிருஷ்ணமாச்சாரியார் தம் திருமாலை வைத்துப் படித்தார். ஆக, இன்றைய ஆசன வகுப்புகளின் மூதாதையே சாங்கிய நூலைப் பக்தியின் கண்ணால் திருத்திப் படித்தவர். இச்செய்தி பயிலரங்குகளில் சொல்லப்பட்டால், கேட்போர் தத்துவம் என்பது ஒன்றன்று, அங்கே ஒரு வழக்காடல் நடந்துகொண்டிருக்கிறது என்பதை உணர்வர். கிறிஸ்தவரும் அவ்வழக்கில் ஒரு தரப்பினராகக் கூச்சமின்றிப் பேசலாம். மேலை நாட்டு யோக ஆசிரியர்க்குச் சான்றிதழ் பெற வழக்கமாக வகுக்கப்பட்டுள்ள 200 மணி நேரப் பயிற்சியில், நூல்களுக்கும் வரலாற்றுக்கும் ஒழுக்கத்துக்கும் சேர்த்து ஒதுக்கப்படுவது 30 மணி நேரம். அதற்குள் இவ்வழக்குகளுக்கு இடமிராதது வியப்பன்று. நம் இறையியல் கல்லூரிகளில் சமயங்களைப் பற்றிய பாடத்துக்கு நாம் ஒதுக்கும் நேரத்தை எண்ணிப் பார்த்தால் அவர்களைக் குறைகூறவும் மனம் வராது.

கிறிஸ்தவத் தரப்பு யாது? திருமறையில் மீட்பு என்பது எங்கும் உறவின் சொல்லாகவே வருகிறது. யோவான் நற்செய்தி 17-ஆம் அதிகாரத்தில் நிலைவாழ்வு பிதாவையும் அவர் அனுப்பினவரையும் அறிதல் எனப்படுகிறது. அதே மன்றாட்டில் சீடர் ஒன்றாயிருத்தலும் கேட்கப்படுகிறது. வெளிப்படுத்தலின் முடிவில் நிற்பது ஒரு நகரம். பவுல் கொரிந்தியர்க்கு எழுதுகையில் உடலை உதறிவிட்டுச் செல்லும் விடுதலையைப் பேசாது, உடலின் உயிர்த்தெழுதலைப் பேசுகிறார். காயங்களோடு எழுந்த கிறிஸ்து பிரகிருதியினின்று பிரிந்த புருடரல்லர். பதஞ்சலி நட்பையும் இரக்கத்தையும் பயிலச் சொல்கிறார் என்பது உண்மை. அதனை மறைப்பது அநீதி. ஆனால் அங்கே அவை சித்தத்தைத் தெளிவிக்கும் கருவிகள். சித்தம் தெளிந்து புருடன் தனித்தபின் நட்புக்கும் இரக்கத்துக்கும் ஆள் இல்லை. நம் விசுவாசத்திலோ, விசுவாசமும் நம்பிக்கையும் தம் பணி முடிந்தபின்னும் அன்பு எஞ்சி நிற்கிறது.

இவ்விடத்தில் நம்மை நாமே ஒரு வினா கேட்டுக்கொள்ளவேண்டும். நம் எழுப்புதல் கூட்டங்களில் பிரசங்கிக்கப்படும் மீட்பு எத்தகையது? என் ஆத்துமா, என் இரட்சிப்பு, என் பரலோகம் என்று தனித்தனியே கணக்குத் தீர்க்கப்பட்டு, உடலும் ஊரும் உலகும் எரிந்துபோக விடப்படுமானால், அதுவும் கைவல்யமே. கிறிஸ்தவ உடை உடுத்த கைவல்யம். அதனைப் பிரசங்கித்துவிட்டு யோகப் பயிலரங்கைக் கண்டிக்கும் ஆயர் தம் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டையிடுகிறார் என்றே கூறவேண்டும்.

நம் திருச்சபையில் இவ்வினாவை நேருக்கு நேர் சந்தித்தவர் இல்லாமலில்லை. சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞரும் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாயிருந்தவருமாகிய பி. செஞ்சையா, கும்பகோணத்து சி.வி.வி. என்னும் யோக ஆசானின் நெறியில் ஈடுபாடு கொண்டவர். கிறிஸ்து ஒரு புதிய படைப்பின் தொடக்கம். அப்புதிய வாழ்வு மனிதரில் உருவாவது தூய ஆவியின் யோகம் என்பது அவர் கொள்கை. 1938-இல் அவரும் அவர்தம் தோழரும் வெளியிட்ட ‘இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்தல்’ என்னும் கருத்தமைந்த ஆங்கில நூல் தாம்பரம் மாநாட்டை ஒட்டி வெளிவந்தது. செஞ்சையாவின் சிந்தனையில் சிலுவை போதிய இடம் பெறவில்லை என்னும் குறைபாடு உண்டு. ஆவியின் ஆற்றலை ஏதோ ஒரு பயிற்சி முறையால் வரவழைத்துவிடலாம் என்னும் தொனியும் ஆங்காங்கே கேட்கிறது. ஆயினும் அவர் யோகத்தை உடற்பயிற்சியாகச் சுருக்கவுமில்லை. அதன் முடிவை அப்படியே ஏற்கவுமில்லை. யோகத்தின் நோக்கத்தையே கிறிஸ்துவினால் மாற்றியமைக்க முற்பட்டார். மறுபுறம் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி 1927-இல் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கியபோது இராமானுசரைத் துணைக்கொண்டார். கைவல்யத்தை மறுத்த மரபிலிருந்து அவர் கற்றுக்கொண்டது தற்செயலன்று. இவ்விருவரையும் நம் மாணவர் தேர்வுக்காகப் படிக்கின்றனர். ‘யோக வகுப்புக்குப் போகலாமா?’ என்னும் வினாவுக்கு அவர்களிடம் விடை தேடலாம் என்பது மட்டும் நினைவுக்கு வருவதில்லை.

உரோமைத் திருச்சபை 1989 அக்டோபரில் ஆயர்களுக்கு எழுதிய மடல், பின்னாளில் பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கரின் கையொப்பமிட்டது, இப்பொருளில் இன்றும் படிக்கத்தக்கது. உடல் நிலைகள் மன்றாட்டுக்குத் துணைசெய்யக்கூடும் என்று அது ஏற்கிறது. ஆனால் உடல் தளர்ந்து அமைதியடைவதால் எழும் இன்பத்தைத் தூய ஆவியின் ஆறுதல் என மயங்குதலாகாது என எச்சரிக்கிறது. இவ்வெச்சரிக்கை யோக வகுப்புக்குப் பொருந்தும் அளவுக்கு நம் பாடல் வேளைகளுக்கும் பொருந்தும்.

மண்டபத்தை அடுத்த ஆலயம்

நம் மக்கள் பயிலரங்குக்குச் செல்வதற்குத் தத்துவம் மட்டும் காரணமன்று. அங்கே அவர்கள் உடலோடு வரவேற்கப்படுகின்றனர். ஆலயத்தில் உடலுக்கு என்ன வேலை? எழுந்து நிற்றல், அமர்தல், காணிக்கை இடக் கை நீட்டுதல், அவ்வளவே. பாயில் அமர்ந்து வழிபட்ட சபைகளிலும் நாற்காலிகள் வந்துவிட்டன. திருச்சபை எப்போதும் இப்படியிருந்ததில்லை. கி.பி. 325-இல் கூடிய நிசேயா சங்கம் தன் இருபதாம் விதியில், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெந்தெகொஸ்தே வரையிலான நாள்களிலும் முழங்காற்படியிடாது நின்றே மன்றாட வேண்டும் என ஆணையிட்டது. நிற்றல் அங்கே உயிர்த்தெழுதலின் அடையாளம். முழங்கால் மடக்குதல் மனந்திரும்புதலின் அடையாளம். கிறிஸ்துவின் தெய்வீகத்தைப் பற்றி வழக்குத் தீர்த்த அதே சங்கம் முழங்காலைப் பற்றியும் விதி எழுதியது! 14-ஆம் நூற்றாண்டில் ஆத்தோஸ் மலைத் துறவியர் மூச்சோடு இயைத்து இயேசுவின் பெயரைச் சொல்லி மன்றாடியபோது, உடலை மன்றாட்டில் சேர்ப்பது மடமை என்று பர்லாம் ஏளனம் செய்தார். கிரகோரி பாலமாஸ் அத்துறவியர்க்காக வாதாடியது, சொல் மனிதரானார் என்னும் விசுவாசத்தின் அடிப்படையில். பயிற்சியும் தத்துவமும் பிளவுபடாதிருந்த இம்மரபை நாம் ‘சடங்கு’ என்று கூறி இறக்கிவைத்துவிட்டோம். இறக்கிவைத்த இடம் வெற்றிடமாகவே நிற்கிறது.

இனி, வினவும் சபையார்க்கு என்ன சொல்வது? முதுகுவலிக்காக மருத்துவர் சொற்படி வகுப்புக்குச் செல்பவரை அச்சுறுத்த வேண்டுவதில்லை. விக்கிரகங்களுக்குப் படைத்தவற்றைப் பற்றிப் பவுல் எழுதியதில் 1 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தை மட்டும் படித்து நிறுத்துவது நம் வழக்கம். பத்தாம் அதிகாரத்தில் அவர் கடைத்தெருவில் விற்கப்படும் இறைச்சியையும் கோயில் பந்தியையும் வேறுபடுத்துகிறார். மருத்துவமனையில் கற்பிக்கப்படும் ஆசனம் கடைத்தெருவைச் சேர்ந்தது. ஆயிரந்தலை ஆதிசேடனின் வடிவமாகக் கருதப்படும் பதஞ்சலியைப் போற்றும் துதியோடு வகுப்பைத் தொடங்குவது சில யோக மரபுகளில் வழக்கம். அங்கே தாம் ஒரு பந்தியின் அருகே நிற்கிறோம் என்பதைக் கிறிஸ்தவர் அறிந்திருக்க வேண்டும். அத்துதியைத் தாம் சொல்லாது, சொல்லுவோரை மதித்து, அமைதியாயிருக்கலாம். பொருளறியாது உடன் ஓதிவிட்டு, ‘அது வெறும் ஒலி’ என்று கூறுவது ஓதியவர்க்கும் அழகன்று, துதிக்கப்பட்டவரை நம்புவோர்க்கும் மரியாதையன்று. சனி மாலை உரைக்குச் செல்பவரிடம், நூல் முழுவதையும் படித்துவிட்டுச் செல்லுமாறு சொல்லலாம். ஒரே மாலையில் படித்து முடிக்கத்தக்க சிறிய நூல் அது.

மண்டபத்தை வாடகைக்குக் கேட்டு மடல் வந்தால், சபைக் குழு அதனை அச்சத்தினால் மறுக்கவும் வேண்டா. வாடகையை மட்டும் எண்ணி இசையவும் வேண்டா. ஞாயிறு காலை நேரத்தை விட்டுத்தரக் கேட்கலாம். தத்துவ உரையில் நான்காம் பாதமும் வாசிக்கப்படுமா என்று நட்போடு வினவலாம். வாசிக்கப்படுமெனில், அந்தச் சனி மாலையில் ஆயர் தாமும் ஒரு பாயை எடுத்துக்கொண்டு போய்ப் பின்வரிசையில் அமர்ந்து, கைவல்யத்தில் அடுத்தவர் எங்கே இருப்பார் என்று உரையாளரைக் கேட்கலாம்.